மாரத்தான் பயிற்சியில் கால் கொப்புளம்: தடுக்கும் வழி, வந்தால் செய்ய வேண்டியவை

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்காக செப்டம்பரில் பயிற்சியைத் தொடங்குபவருக்கு எந்த வாரம் காலில் கொப்புளம் வரும் என்பதை ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம் 18, 20 கிலோமீட்டரைத் தாண்டும் வாரம்தான் அது. வடகிழக்குப் பருவமழையும் அந்த வாரமே சேர்ந்துகொண்டால் தப்பிப்பது கடினம். காரணம் தெரிந்தால் தடுப்பதும் எளிது என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

பாதம் தரையில் இறங்கும்போது, வியர்வையில் நனைந்த தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொள்கிறது. சாக்ஸ் ஷூவின் உள்தகட்டோடு (இன்சோல்) ஒட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் எலும்பு மட்டும் சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்ந்தபடி இருக்கும். எலும்புக்கும் சாக்ஸுக்கும் நடுவே அகப்பட்ட தோல் அடுக்குகள் ஒவ்வொரு அடிக்கும் இழுபடுகின்றன. முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டரில் ஒவ்வொரு காலும் சுமார் 20,000 முறை தரையில் இறங்குகிறது. இத்தனை இழுப்பில் மேல்தோலுக்குள்ளேயே ஓர் அடுக்கு பிளந்து, அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அந்தப் பிளவில் நீர் கோத்துக்கொள்கிறது. வெளித்தோல் முழுசாக இருக்கும்போதே உள்ளே கிழிசல் விழுந்துவிடுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நீர் கோப்பதற்கு முன்பு அந்த இடம் சுள்ளென்று சூடாக எரியும். நின்று கவனிக்க வேண்டிய நேரம் அதுதான். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் 6 கிலோமீட்டர் ஓடினால், வீட்டுக்குப் போய்ச் சேர்வது கொப்புளத்தோடுதான்.

ஈரத்தின் கணக்கும் கொஞ்சம் விசித்திரமானது. நன்றாகக் காய்ந்த தோலில் உராய்வு குறைவு. தண்ணீரில் முழுக்க ஊறி வழியும் தோலிலும் ஓரளவு குறைவுதான். இரண்டுக்கும் நடுவே பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும் தோலில்தான் உராய்வு உச்சத்துக்குப் போகும். சென்னையின் விடியற்காலைக் காற்றில் வெப்பம் குறைந்திருந்தாலும் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை ஆவியாகாமல் முதுகிலும் தொடையிலும் வழிந்து ஷூவுக்குள் இறங்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பவர்கள் பலர். ஊட்டியில் ஓடும்போது வராத கொப்புளம் மெரினாவில் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எந்த இடம், என்ன காரணம்

ஷூவைக் குறை சொல்வதற்கு முன் கொப்புளம் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள்.

குதிகாலின் பின்பக்கம் வந்தால் குதிகால் ஷூவுக்குள் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது என்று பொருள். பெரும்பாலும் லேஸ் கட்டும் முறையில் கோளாறு இருக்கும். ஷூவின் பின்சுவர் உள்துணி கிழிந்து பிளாஸ்டிக் தெரிந்தால் அதுவே காரணம். அந்த ஷூவை நடைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

முன்பாதத்தின் அடியில், கட்டைவிரல் மேட்டிலோ நடுவிலோ வந்தால், பாதம் ஷூவுக்குள் முன்னும் பின்னும் சறுக்குகிறது. ஷூ பெரிதாக இருக்கலாம், உள்தகடு நனைந்து ஊறியிருக்கலாம். கட்டைவிரலின் உள்விளிம்பில் வந்தால் ஷூவின் முன்பகுதி குறுகல். விரல் நுனியில் வந்தாலோ, நகம் கருத்தாலோ ஷூ நீளம் போதவில்லை. மேம்பாலத்தில் இறங்கும்போது விரல் முன்னே இடிப்பது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். சுண்டுவிரல் பலருக்கு நாலாவது விரலின் அடியில் மடங்கிக் கிடக்கும். அங்கே வரும் கொப்புளத்துக்கு விரல் தனித்தனியாக நுழையும் சாக்ஸ் போலச் சிறந்த மருந்து இல்லை. உள்ளங்கால் வளைவில் வந்தால் உள்தகட்டின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். தனியாக வாங்கிப் போட்ட உள்தகடுகளில் இது சகஜம்.

விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி, அரித்து, தோல் உரிந்தால் அது சேற்றுப்புண்ணாக இருக்கலாம். பூஞ்சைக்கான களிம்பு போடாமல் டேப் ஒட்டி மூடினால் இன்னும் மோசமாகும்.

ஷூ, சாக்ஸ், லேஸ்

ஷூவை மாலையில் வாங்குங்கள், ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், நீள ஓட்டத்தில் அதைவிட வீங்கும். நின்ற நிலையில் மிக நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே உங்கள் கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பலருக்கு மிக நீளமானது இரண்டாம் விரல். இரண்டு கால்களில் பெரியது எதுவோ அந்த அளவையே எடுக்க வேண்டும். செருப்பு அளவிலேயே ஓட்ட ஷூவும் வாங்குபவர்களுக்குத்தான் நகம் கருத்து விழுகிறது.

பருத்தி சாக்ஸ் ஈரத்தை உறிஞ்சி அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும், ஓடும்போது சுருண்டு மடியும். பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் கலந்த, காலோடு ஒட்டிய சாக்ஸ்தான் ஓட்டத்துக்கு. விரல் நுனியில் தடிமனான தையல் இருந்தால் வேண்டாம். குதிகால் வலை தேய்ந்து வெளிச்சம் தெரிந்தால் அந்த ஜோடியைத் தூக்கிப் போட்டுவிடலாம். கொஞ்சம் கஞ்சத்தனம் பார்த்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம்: ஷூவுக்குப் பல ஆயிரம் கொடுத்துவிட்டு, சாக்ஸை மூன்று ஜோடி கொண்ட மலிவுப் பொட்டலத்தில் எடுப்பவர்கள் நிறைய.

குதிகால் ஏறி இறங்குவதை நிறுத்த, ஷூவின் மேலே யாரும் பயன்படுத்தாமல் விட்டுவிடும் கடைசித் துளை இருக்கிறதே, அதற்குத்தான் வேலை. லேஸை வழக்கம்போல் கடைசிக்கு முந்திய துளை வரை கட்டுங்கள். பிறகு ஒவ்வொரு முனையையும் அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விட்டு ஒரு சிறு வளையம் உண்டாக்குங்கள். இடப்பக்க முனையை வலப்பக்க வளையத்துக்குள்ளும், வலப்பக்க முனையை இடப்பக்க வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். முன்பாதம் இறுகாமல் கணுக்கால் மட்டும் பிடிபடும். சில கொப்புளங்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

மழையில் நனைந்த ஷூவை வெயிலில் காய வைத்தால் பசை விட்டுப்போகும். உள்தகட்டைக் கழற்றி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். நவம்பரில் ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு தினமும் ஓடுவது ஈர ஷூவில் ஓடுவதற்குச் சமம். மழைக்காலத்தில் இரண்டாவது ஜோடி ஆடம்பரம் இல்லை.

டேப் ஒட்டும் முறை

எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் மைக்ரோபோர் என்ற காகித டேப் போதும். 2016-இல் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், 250 கிலோமீட்டர் பாலைவனப் பந்தயங்களில் ஓடிய 128 பேரின் பாதங்களில் இந்தச் சாதாரண காகித டேப்பை ஒட்டிப் பார்த்தார்கள். கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. பளபள அட்டையில் வரும் விலையுயர்ந்த பட்டைகளை வாங்குமுன் இதை முயன்று பாருங்கள்.

வழக்கமாகக் கொப்புளம் வரும் இடத்தில் மட்டும் ஒட்டுங்கள். பாதம் முழுக்கச் சுற்றினால் ஷூ இறுகி வேறு இடத்தில் கொப்புளம் வரும். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் எண்ணெய்ப்பசையை எடுத்துவிடுங்கள். டேப்பின் நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலை சாக்ஸில் மாட்டித்தான் டேப் உரியத் தொடங்கும்.

குதிகாலுக்கு 2 அங்குல டேப்பில் 10 முதல் 12 செ.மீ. துண்டு வேண்டும். பாத விரல்களை முழங்கால் பக்கம் இழுத்து மடக்கிய நிலையில், நடுவில் வைத்து இரு பக்கமும் அழுத்திக்கொண்டே போங்கள். டேப்பை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்தால் அது திரும்பச் சுருங்கும்போது தோலையும் சேர்த்து இழுக்கும். முன்பாதத்துக்கு விரல்களை விரித்து வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். விரலுக்கு அரை அங்குல டேப்பில் இரண்டு துண்டு: ஒன்று நகப்பக்கத்திலிருந்து நுனியைச் சுற்றி அடிப்பக்கம் வரை, இன்னொன்று அதன் மேல் குறுக்காக ஒரே சுற்று. டேப்பின் முனை பக்கத்து விரலைத் தொடாமல் மேல்பக்கம் முடிய வேண்டும். சுருக்கம் விழுந்தால் கழற்றிப் புதிதாக ஒட்டுங்கள். சாக்ஸுக்குள் ஒரு டேப் மடிப்பு மணல் துகளுக்குச் சமம்.

மைக்ரோபோரின் குறை, நனைந்தால் கழன்றுவிடுவது. அதிகம் வியர்ப்பவர்கள், மழையில் ஓடுபவர்கள் டேப் ஒட்டுவதற்கு முன் டிங்ச்சர் பென்சாயின் என்ற பிசின் கரைசலை லேசாகத் தடவி, கையில் ஒட்டும் பதத்துக்குக் காயவிட்டு ஒட்டலாம். திறந்த புண்ணில் பட்டால் உயிர் போகிற எரிச்சல் எடுக்கும், எனவே முழுத் தோலில் மட்டும். பழுப்பு நிற லூக்கோபிளாஸ்ட் அதிகம் ஒட்டும், ஆனால் கழற்றும்போது தோலையும் கூட்டிக்கொண்டு வரும். கொப்புளத்தின் மேல் அதை நேரடியாக ஒட்டாதீர்கள். எந்த டேப்பானாலும் கழற்றுவதற்கு முன் தேங்காயெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மேல்நோக்கித் தூக்காமல் தோலோடு தோலாக மெதுவாக உரியுங்கள்.

வாசலினும் டேப்பும் ஒரே இடத்தில் சேராது. வாசலின் முதல் ஒரு மணி நேரம் நன்றாக வழுக்கும், பிறகு தோலிலும் சாக்ஸிலும் ஊறிப்போய் உராய்வு திரும்ப ஏறும். 10 கிலோமீட்டருக்கு அது போதும், முழு மாரத்தானுக்குப் போதாது. நடுவில் ஒருமுறை மறுபடி தடவ வேண்டியிருக்கும். விரலிடுக்குக்கு வாசலின், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் டேப் என்று பிரித்துக்கொள்வது நல்லது. டால்கம் பவுடர் அரைமணி நேரத்தில் வியர்வையோடு சேர்ந்து உருண்டை கட்டும். அதை விட்டுவிடுங்கள்.

வியர்வையையே குறைக்கும் வழியும் உண்டு. 1998-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்க ராணுவப் பயிற்சி மாணவர்கள் 667 பேரில் ஒரு பகுதியினர் 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசலை இரவில் பாதத்தில் தடவிக்கொண்டு, பிறகு 21 கிலோமீட்டர் நடந்தார்கள். ஒழுங்காகத் தடவியவர்களில் 21 சதவீதம் பேருக்குக் கொப்புளம், மருந்தில்லாத கரைசல் தடவியவர்களில் 48 சதவீதம் பேருக்கு. ஆனால் மருந்து தடவியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தோல் எரிச்சல் வந்தது. மற்றதெல்லாம் பலிக்காவிட்டால் மட்டும், பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பே, ஒரு காலில் சோதித்துவிட்டு இறங்குங்கள்.

காய்ப்பு பற்றி ஒரு வார்த்தை. தோல் மெல்ல மெல்லத் தடிக்க வேண்டும். அதனால்தான் வாரத் தூரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஆனால் விளிம்பு எழும்பிய கெட்டிக் காய்ப்பு கவசம் ஆகாது. அதன் அடியில் வரும் கொப்புளத்தை எட்டவும் முடியாது, வடிக்கவும் முடியாது. வாரம் ஒருமுறை குளித்தபின் குதிகால் தேய்க்கும் கல்லால் மட்டமாக்குங்கள். பிளேடு வேண்டாம்.

கொப்புளம் வந்துவிட்டால்

பட்டாணியைவிடச் சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் தொடாதீர்கள். மேல்தோல்தான் மிகச் சிறந்த கட்டு. பெரிதாக, பளபளவென்று இறுகி, நடக்கும்போதெல்லாம் அழுத்துகிற இடத்தில் இருந்தால் அது எப்படியும் தானாக உடையும். ஷூவுக்குள் கந்தலாகக் கிழிவதைவிட நீங்களே சுத்தமாக வடிப்பது மேல். ரத்தம் கோத்த கொப்புளத்தை முடிந்தவரை வடிக்காமல் விடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஊசியை எடுக்கவே கூடாது, நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

தேவை: பீட்டாடின் கரைசல், 24 கேஜ் டிஸ்போசபிள் ஊசி, சுத்தமான காஸ் (கட்டுத்துணி), வாசலின், ஒட்டாத காஸ், மைக்ரோபோர்.

1. கையையும் காலையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கொப்புளத்திலும் சுற்றிலும் பீட்டாடின் தடவி இரண்டு நிமிடம் காயவிடுங்கள்.

2. ஊசியைத் தோலுக்கு இணையாகப் படுக்க வைத்து, கொப்புளம் நல்ல தோலோடு சேரும் விளிம்பில் குத்துங்கள். கீழே அடித்தளத்தைக் குத்தினால் வலிக்கும். மூன்று நான்கு துளைகள் வேண்டும். ஒரே துளை போட்டால் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொண்டு மறுபடி நீர் கோக்கும்.

3. காஸை வைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து மெதுவாக அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள். அரித்தாலும், அசிங்கமாகத் தெரிந்தாலும் உரிக்காதீர்கள்.

4. மேல்தோல் அடித்தளத்தோடு படியும்படி வைத்து, மெல்லிய வாசலின் பூச்சு, ஒட்டாத காஸ், அதன்மேல் டேப்.

5. முதல் 24 மணி நேரத்தில் மூன்று முறை பிரித்துப் பாருங்கள். நீர் சேர்ந்திருந்தால் அதே முறையில் மறுபடி வடியுங்கள். இந்த ஒரு நாளில் சோம்பல் பட்டால் மேல்தோல் ஒட்டாமல் தொளதொளத்துவிடும்.

மேல்தோல் ஏற்கெனவே கிழிந்து தொங்கினால், தொங்கும் ஓரத்தை மட்டும் சுத்தமான கத்தரியால் வெட்டி, ஓடும் தண்ணீரில் கழுவி, ஹைட்ரோகொலாய்டு பட்டை (புண்ணின் ஈரத்தை உறிஞ்சிக் கூழாகும் ஒட்டுப்பட்டை) ஒட்டுங்கள். அதை மூன்று முதல் ஐந்து நாள், தானாகக் கழலும்வரை விடலாம். வடித்த, மேல்தோல் உள்ள கொப்புளத்துக்கு இது வேண்டாம். கழற்றும்போது அந்தத் தோலும் அதோடு போய்விடும்.

நம் வீடுகளில் நடக்கும் தவறுகள் சில. தண்ணீர் கலக்காத டெட்டாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதிதாக வளரும் செல்களைச் சுடும். மஞ்சளும் பற்பசையும் புண்ணில் ஒட்டி அழுக்கைச் சேர்க்கும். தையல் ஊசியைத் தீயில் காட்டிக் குத்தினால் கரி உள்ளே போகும். கொப்புளத்துக்குள் நூலைக் கோத்து விட்டுவிட்டால் அந்த நூல் வழியாகவே கிருமியும் உள்ளே போகும். மிக ஆபத்தானது கார்ன் கேப். நடுவில் ஓட்டையுள்ள வளையம் என்று கொப்புளத்துக்கு ஒட்டுகிறார்கள். அது கால் ஆணிக்கான மருந்து; அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் தோலைக் கரைக்கும். அழுத்தத்தைக் குறைக்க வளையம் தேவைப்பட்டால், மருந்தில்லாத பஞ்சுப் பட்டையில் கொப்புளத்தைவிடச் சற்றுப் பெரிய ஓட்டையை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

எப்போது மறுபடி ஓடலாம்

பிளவின் அடியில் 48 மணி நேரத்தில் ஒரு புதிய அடுக்கு உருவாகத் தொடங்குகிறது. வெளியே தெரியும் கெட்டி அடுக்கு வர சுமார் 120 மணி நேரம், அதாவது ஐந்து நாள். பயிற்சியை இதற்கேற்ப வையுங்கள். முதல் இரண்டு நாள் ஓட்டம் வேண்டாம், சைக்கிள் மிதிக்கலாம், நீச்சல் குளம் வேண்டாம். மூன்றாம் நாள் டேப்போடு 4, 5 கிலோமீட்டர் மெதுவாக. நீள ஓட்டம் ஐந்தாம் நாளுக்குப் பிறகு. இதற்கிடையில் ஒரு சோதனை: செருப்பில்லாமல் வீட்டுக்குள் நடந்து பாருங்கள். நொண்டினால் ஓடக் கூடாது. கொப்புளத்தைக் காப்பாற்ற காலைச் சாய்த்து வைத்து ஓடினால் முழங்காலோ கெண்டைக்காலோ பிடித்துக்கொள்ளும். கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறும். அந்தப் பிடிப்போ மாதக்கணக்கில் இழுக்கும்.

சுற்றியுள்ள சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, தொட்டால் சூடு, மஞ்சள் சீழ், காலில் மேல்நோக்கி ஏறும் சிவப்புக் கோடு, தொடையிடுக்கில் நெறி கட்டுவது, காய்ச்சல் – இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 1924-இல் அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன் சாக்ஸ் போடாமல் டென்னிஸ் ஆடி, கால் விரலில் வந்த கொப்புளம் வழியாக ரத்தத்தில் நஞ்சேறி ஒரே வாரத்தில் இறந்தான். ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது. இன்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்தோடு போனால்தான் அது வேலை செய்யும்.

பந்தய நாள்

புதிய ஷூ, புதிய சாக்ஸ், புதிய டேப் முறை எதையும் அன்று முதல்முறையாகப் பயன்படுத்தாதீர்கள். அதே ஷூ, சாக்ஸ், டேப்போடு குறைந்தது ஒரு 25 கிலோமீட்டர் ஓட்டம் முடிந்திருக்க வேண்டும். நகத்தை மூன்று நாள் முன்பே நேராக வெட்டி அரத்தால் மழுக்கிவிடுங்கள். டேப்பை முந்தைய இரவே ஒட்டினால் உடல் சூட்டில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் தரும் இடங்களில் தலையில் ஊற்றிக்கொள்ளும்போது முன்னால் குனிந்து ஊற்றுங்கள். நிமிர்ந்து நின்று ஊற்றினால் அந்தத் தண்ணீர் முழுக்க உடலில் வழிந்து ஷூவுக்குள் போகும். குளிர்ச்சி வேண்டுமானால் நனைத்த பஞ்சைக் கழுத்தில் வைத்துக்கொள்வதே பாதத்துக்கு நல்லது.

இடுப்புப் பையில் ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் முன்கூட்டியே வெட்டிய டேப் துண்டு நான்கு, ஸ்பிரிட் துடைப்பான் இரண்டு, ஒரு கட்டு உலர்ந்த காஸ் வையுங்கள். சூடு பிடிக்கிறது என்று தோன்றிய உடனே ஓரமாக நில்லுங்கள். ஷூவைக் கழற்றி, மணல் இருந்தால் தட்டி, காலைத் துடைத்து, டேப் ஒட்டி, லேஸை மறுபடி கட்ட மூன்று நிமிடம் ஆகும். 15-ஆம் கிலோமீட்டரில் இந்த மூன்று நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்கள் 35-ஆம் கிலோமீட்டரில் நடக்கிறார்கள்.

கொப்புளம் வழியிலேயே வந்துவிட்டால், இன்னும் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். 5 கிலோமீட்டர் என்றால் தொடாமல் ஓடி முடியுங்கள். 15 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால், இறுகிப்போய் வலித்தால், மருத்துவக் கூடாரத்தில் சுத்தமான ஊசியால் வடித்து டேப் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே உடைந்துவிட்டால் காஸை மடித்து மேலே வைத்து இறுக்கமாக டேப் போட்டுக்கொள்ளலாம். முதல் இருநூறு மீட்டர் எரியும், பிறகு பெரும்பாலும் மட்டுப்படும். எரிச்சல் குறையாமல், கால் தானாகச் சாய்ந்து விழத் தொடங்கினால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள்.